தங்கச்சிக்குக் கேட்ட பதினேழாம் நம்பர்

இது கதை இல்லைங்க. கதைன்னா இன்னும் கொஞ்சம் நல்லா கட்டி விட்டிருப்பேன். கடைசியில ஏதாவது ஒரு விளக்கத்தையும் சொல்லி, உங்களை நிம்மதியா தூங்க வெச்சிருப்பேன். எனக்கே விளக்கம் கிடையாது, உங்களுக்கு எங்கே போறது? நடந்ததைச் சொல்றேன். நம்பினா நம்புங்க, நம்பாட்டி லைட்டை அணைச்சுட்டுப் படுங்க.

இன்னொண்ணும் சொல்லிடறேன். யாராவது பேய், பிசாசுன்னு ஆரம்பிச்சா, "வேற வேலை இல்லையா உனக்கு?"ன்னு எழுந்து போற ஆள் நான். என் வேலை அப்படி. செயற்கைக்கோள் பேசுறதைக் காதுல வாங்கி எழுதி வைக்கிறது. எல்லாமே கணக்கு. இத்தனை மணிக்கு வரும், இத்தனை மணிக்கு மறையும்னு முன்கூட்டியே தெரியும். சொன்ன நேரத்துக்கு வர்ற ஒரே ஜீவன் இந்த உலகத்துல செயற்கைக்கோள்தான்.

நான் சொல்றது அந்தக் காலத்துப் பழைய கோள். மேலேயிருந்து மேகத்தைப் படம் எடுக்கும். கடல்ல நாங்க மிதக்க விட்டிருக்கிற பெட்டிங்க போடுற சத்தத்தைக் கேட்டு, எந்தப் பெட்டி எங்கே இருக்குன்னு எங்களுக்குத் திருப்பிச் சொல்லும். அதுக்குப் பெரிய பேரு ஒண்ணு இருந்துச்சு. நாங்க கூப்பிடுறது தங்கச்சின்னு.

தங்கச்சின்னா, அக்கா எங்கேன்னு கேப்பீங்க. ஒரே மாதிரி ரெண்டு செஞ்சாங்க. முதல்ல ஏவினது அக்கா. கிளம்பின ரெண்டாவது நிமிஷமே ராக்கெட் கோணிக்கிட்டுத் திரும்பி, கடல்ல விழுந்துடுச்சு. யானைக்கும் அடி சறுக்கும், என்ன பண்றது? முங்கி எடுக்குற ஆளுங்களை இறக்கிப் பல மாசம் தேடினாங்க. வந்த சாமான்ல ஒண்ணே ஒண்ணு மட்டும் கெடாம இருந்துச்சு. பெட்டிங்க சத்தத்தைக் கேக்குற கருவி. அதாவது, காது. புதுசு செய்ய நேரமில்லைன்னு அதையே கழுவித் துடைச்சு, தங்கச்சிக்கு மாட்டி அனுப்பிட்டாங்க.

"கடலடியில கிடந்த காது. அங்கே என்னென்ன கேட்டுப் பழகுச்சோ!" அப்படின்னு சிரிப்பான் என் கூட வேலை பார்த்தவன். அவனுக்கு நாங்க வெச்ச பேரு கணக்கு. தூக்கத்துல எழுப்பினாலும் வாய்ப்பாடு சொல்லுவான். அப்போ நானும் கூடச் சேர்ந்துதான் சிரிச்சேன்.

தங்கச்சி மேலே போய் ஆறு வருஷம் ஆகியிருந்துச்சு. பேட்டரி செத்துப் போச்சு. மேல வெயில் பட்டா பேசுவா. பூமியோட நிழலுக்குள்ள போயிட்டா ஊமை. மதியம் ஒரு தடவை எங்க தலைக்கு மேல போவா, நடுராத்திரி ஒரு தடவை போவா. மதியம் பேச்சு, ராத்திரி மூச்சு கிடையாது. ஆனா அட்டவணைன்னு ஒண்ணு இருக்கே! ராத்திரியும் ஒருத்தன் ஹெட்போனை மாட்டிக்கிட்டு, அவ கடந்து போற வரைக்கும் கூப்பிட்டுக்கிட்டே உக்காந்திருக்கணும். கிணத்துல கல்லு போட்டாலாவது சத்தம் வரும்.

எங்க அண்ணனும் அதே இலாகாதான். நான் கரையில, அவர் கடல்ல. பெட்டிங்களைக் கொண்டு போய் மிதக்க விடுற படகுல மூத்த ஆள். நான் கல்யாணம் ஆகாத கட்டை, அவங்க வீட்டோடதான் இருந்தேன். நான் வேலை பார்த்த ஸ்டேஷனுக்குப் பின்னாடி குவார்ட்டர்ஸ். அண்ணி, அண்ணன், நான். அண்ணன் வீட்டுக்கு வந்தா உள்ள நுழையுறதுக்கு முன்னாடியே சத்தம் வந்துடும். "என்னடா, உன் தங்கச்சி இன்னைக்கு என்ன சொன்னா?"ன்னு கேட்டுக்கிட்டேதான் செருப்பைக் கழட்டுவார்.

அந்த வருஷம் ஒரு நாள், அவரோட படகு காத்துல மாட்டிச்சு. மொத்தம் நாலு பேர். சாயந்திரம் ரேடியோவுல, "தண்ணி ஏறுது"ன்னு ஒரு வார்த்தை. அவ்வளவுதான்.

மறுநாள் காத்து அடங்கி, கடல் தட்டுல ஊத்தின தண்ணி மாதிரி கிடந்துச்சு. தேடுற படகுங்க போச்சு. கடைசியா ரேடியோ வந்த இடத்தைச் சுத்தி ரெண்டு நாள் தேடினாங்க. ஒரு பலகைகூட கிடைக்கலை. அண்ணி சாப்பிடலை, அழலை. வாசலைப் பார்த்து உக்காந்துட்டாங்க.

மூணாவது நாள் மதியம். தங்கச்சி வந்தா. வழக்கமான பெட்டிங்க நம்பரை ஒவ்வொண்ணா சொன்னா. அஞ்சு... ஒன்பது... பன்னெண்டு...

பதினேழு.

நான் நாற்காலியைத் தள்ளிட்டு எழுந்துட்டேன். பதினேழு மிதக்குற பெட்டி இல்லை. அது அண்ணன் படகுலயே இருக்கும். ஆபத்துன்னா மட்டும் மூடியைத் திறந்து, கையால சுவிட்சைப் போடணும். கையால! அப்போ யாரோ உயிரோட இருக்காங்க!

கணக்கு என்னைக் கட்டிப் பிடிச்சுட்டான். ரெண்டு பேரும் சின்னப் பசங்க மாதிரி குதிச்சோம்.

இந்த இடத்துல எங்க வேலையைப் பத்திக் கொஞ்சம் சொல்லணும். பொறுத்துக்குங்க. ரயில் ஹாரன் அடிச்சுக்கிட்டே நம்மைக் கடந்து போனா, அந்தச் சத்தம் கீச்சுன்னு வந்து, தாண்டினதும் தணிஞ்சு இறங்கும் பாருங்க. அதே மாதிரிதான் தங்கச்சி பெட்டியைத் தாண்டுறப்போ அவ காதுல விழுற சத்தமும். எவ்வளவு வேகமா இறங்குதுன்னு பார்த்தா பெட்டி எவ்வளவு தூரம்னு சொல்லிடலாம். ஆனா அவ போற பாதைக்கு இடது பக்கமா, வலது பக்கமான்னு சொல்ல முடியாது. அதனால எப்பவுமே ரெண்டு இடம் வரும். ஒண்ணு நிஜம். இன்னொண்ணை நாங்க நிழல்னு சொல்லுவோம்.

எங்களுக்கு அதுல குழப்பமே வராது. அவ பாதை கரை ஓரமா போகும். ஒரு இடம் கடல்ல விழும், ஒண்ணு தரையில விழும். எங்க பெட்டியெல்லாம் கடல்லதானே? தரையில விழுறதை என்ன ஏதுன்னு பார்க்காமலே பென்சிலால அடிச்சுட்டுப் போயிடுவோம். வருஷக்கணக்கா அதான் பழக்கம்.

அன்னைக்கும் அப்படித்தான் அடிச்சேன். கடல்ல விழுந்த இடம் வடக்கே ரொம்ப தூரத்துல இருந்துச்சு. தேடுற படகுங்களை அங்கே அனுப்பினாங்க. ஒண்ணுமில்லை. மறுநாள் மதியமும் பதினேழு பேசுச்சு. இந்தத் தடவை இன்னும் வடக்கே. படகுங்க ஓடிச்சு. ஒண்ணுமில்லை. அதுக்கு அடுத்த நாள் வேற எங்கேயோ. "நீரோட்டம் இழுத்துக்கிட்டுப் போகுதுடா"ன்னான் கணக்கு. குரல்ல தெம்பு இல்லை.

பதினேழு பேச ஆரம்பிச்சதுலேர்ந்து நான் வீட்டுப் பக்கமே போகலை, ஸ்டேஷன்லேயே கிடந்தேன். மேலதிகாரி நல்ல மனுஷன். என்னைக் கூப்பிட்டுத் தோள்ல கை வெச்சார். "மனசைத் தேத்திக்கோப்பா. பதினேழு பேசுறதாலதான் இன்னும் தேடுறாங்க. அது நின்னா, தேடுறதும் நின்னுடும்."

அன்னைக்குச் சாயந்திரம் வரைபடத்து முன்னாடி சும்மா நின்னுக்கிட்டிருந்தேன். கடல்ல மூணு புள்ளி. ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமே இல்லாம, மூணு மூலையில. இப்படி எந்த நீரோட்டமும் இழுக்காதேன்னு யோசிச்சேன். அப்போதான் நான் அடிச்ச தரைப் புள்ளிங்க மேல கண்ணு போச்சு.

மூணு அடிச்ச குறியும் ஒண்ணு மேல ஒண்ணு இருந்துச்சு. காகிதம் அந்த இடத்துல கிழிஞ்சே போயிருந்துச்சு.

வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே சொல்லிக் குடுக்குற பாடம் அது. தங்கச்சி பாதை தினமும் கொஞ்சம் தள்ளிப் போகும். அதனால நிழல் தினமும் தாவும். நிஜம் மட்டும்தான் ஒரே இடத்துல விழும்.

அந்த இடம் எங்க குவார்ட்டர்ஸ்.

ஓடிப் போய் ஸ்டோரைப் பார்த்தேன். எவனாவது வேற பெட்டியை வெச்சு விளையாடுறானான்னு. எல்லாப் பெட்டியும் பேட்டரி கழட்டி, அடுக்கி, தூசி படிஞ்சு இருந்துச்சு. பதினேழுன்னு உலகத்துல ஒரே பெட்டிதான். அது படகோட போயிருந்துச்சு.

கணக்குகிட்ட சொல்லலை. அதிகாரிகிட்டயும் சொல்லலை. பதினேழு கடல்ல இல்லைன்னு சொன்னா தேடுறதை அந்த நிமிஷமே நிறுத்திடுவாங்கன்னு பயம். ரப்பரை எடுத்தேன். மூணு குறியையும் அழிச்சேன்.

அன்னைக்கு ராத்திரி டியூட்டி எனக்கு.

தனியாத்தான் இருந்தேன். வானத்துல ஒரு பொட்டு மேகமில்லை. தங்கச்சி தலை காட்ட வேண்டிய நேரம் பதினொண்ணு அம்பத்தி ரெண்டு. ஹெட்போனை மாட்டினேன். கூப்பிட்டேன். இரைச்சல்தான் வந்துச்சு. அடுப்புல எண்ணெய் காயுற மாதிரி ஸ்ஸ்ஸ்னு...

மறுபடி கூப்பிட்டேன். ஸ்ஸ்ஸ்...

பன்னெண்டு மணி தாண்டி மூணு நிமிஷம்.

ம்ம்ம்ம்ம்...

ஒரு ஓசை. தெளிவா. காதுக்குள்ள யாரோ வாயை மூடிக்கிட்டு முனகுற மாதிரி.

தங்கச்சி நிழலுக்குள்ள இருக்கா. பேட்டரி இல்லை. அவளால பேச முடியாது. பேசவே முடியாது...

டிக்.

கொஞ்சம் இடைவெளி.

டிக்... டிக்... டிக்... டிக்... டிக்... டிக்... டிக்.

ஒண்ணு. ஏழு.

என் வலது கை தன்னால ரேடியோ திருகு மேல போச்சு. அது கைப்பழக்கம். அவ கடந்து போகும்போது ஓசை இறங்கிக்கிட்டே இருக்கும், நாம திருகைத் திருப்பிப் பின்னாலேயே போகணும். இல்லாட்டி விட்டுப் போயிடும்.

திருப்ப வேண்டியே வரலை.

ஓசை இறங்கலை. ஏறலை. அப்படியே இருந்துச்சு.

நகர்ற பொருளோட சத்தம் இல்லை அது. எங்கேயோ அசையாம நிக்குற பொருளோட சத்தம்.

பன்னெண்டு பத்து. தங்கச்சி மறைஞ்சிருக்கணும். மறைஞ்சிருப்பா.

ம்ம்ம்ம்ம்... டிக்.

ஆன்டெனாவைத் திருப்பினேன். வானத்துப் பக்கம் போனா, குறைஞ்சுது. கீழே இறக்கினேன், கூடுச்சு. கடல் பக்கம் வெச்சேன். குறைஞ்சுது. பின்பக்கம் கொண்டு வந்தேன். இன்னும் கீழே. இன்னும்...

காது கிழியுற மாதிரி கேட்டுச்சு.

ஜன்னல் வழியா பார்த்தேன். ஆன்டெனாவோட மூஞ்சி எங்க வீட்டைப் பார்த்து இருந்துச்சு.

எங்க வீட்டுல மட்டும் லைட் எரிஞ்சுது.

ஒரு காதுல ஹெட்போன். இன்னொரு காதுல போனை வெச்சேன். முதல் மணியிலேயே எடுத்தாங்க.

"அண்ணி... தூங்கலையா?"

"இல்லை தம்பி." ரகசியம் பேசுற மாதிரி குரல்.

"வீட்டுல... யாராவது வந்திருக்காங்களா?"

"உங்களுக்கு யாரு சொன்னா?"

"யாரு அண்ணி?"

"யாருன்னு கேக்குறீங்களே தம்பி. அவருதான். வாசல்ல நிக்கிறாரு. மூணு நாளா நிக்கிறாரு."

"மூணு நாளாவா? ஏன் சொல்லலை?"

"சொன்னா, தேடுறதை நிறுத்திடுவாங்கல்ல?"

நான் ரப்பரைத் தேய்ச்ச அதே காரணம்.

"முகம் தெரியுதா?"

"முதுகுதான் தெரியுது. உள்ள திரும்பவே மாட்டேங்கிறாரு. கடல் பக்கமே பார்த்துக்கிட்டு நிக்கிறாரு."

ம்ம்ம்ம்ம்... டிக்.

"கூப்பிட்டீங்களா?"

"இல்லை. கூப்பிட்டா போயிடுவாரோன்னு..."

"கூப்பிடாதீங்க அண்ணி. கதவைச் சாத்துங்க. நான் வர்றேன்."

"என் புருஷன் முன்னாடி நான் கதவைச் சாத்தணுமா?"

"அண்ணி, சொன்னா கேளுங்க!"

போனைக் கீழே வெக்கிற சத்தம். நடந்து போற சத்தம். அப்புறம், தூரத்துல, அண்ணி குரல்.

"ஏங்க..."

ஓசை இறங்க ஆரம்பிச்சுது.

ம்ம்ம்ம்... கொஞ்சம் கொஞ்சமா... கம்மி... கம்மி...

ரயில் தாண்டிப் போற மாதிரி.

என் கை திருகைத் திருப்பிக்கிட்டே பின்னால போச்சு. எவ்வளவு தூரம் திருப்ப முடியுமோ அவ்வளவு தூரம். திருகு முட்டிக்கிச்சு.

ஸ்ஸ்ஸ்...

அண்ணி திரும்பி வந்து போனை எடுத்தாங்க.

"போயிட்டாரு தம்பி."

நான் வீட்டுக்கு எப்படி ஓடினேன்னு ஞாபகமில்லை. வாசல்ல ஒண்ணுமில்லை. ஈரம் இல்லை, காலடி இல்லை, ஒரு மண்ணும் இல்லை. அண்ணி படிக்கட்டுல உக்காந்து தலையில அடிச்சுக்கிட்டிருந்தாங்க. "நான் கூப்பிட்டிருக்கக் கூடாது, கூப்பிட்டிருக்கக் கூடாது"ன்னு அதையே சொல்லிக்கிட்டு.

மறுநாள் மதியம் தங்கச்சி வந்தா. அஞ்சு, ஒன்பது, பன்னெண்டு. அதோட சரி. பதினேழு வரலை. அடுத்த நாளும் வரலை. எட்டாம் நாள் தேடுறதை நிறுத்தினாங்க. அதுக்கு அடுத்த வாரம் தங்கச்சியையும் மூடிடச் சொல்லி மேலிடத்து உத்தரவு. கடைசிக் கட்டளையை அனுப்பினது கணக்கு. நான் அந்த அறைக்குள்ளேயே போகலை.

இதோட முடிஞ்சிருந்தா நான் இதை யாருக்கும் சொல்லியிருக்க மாட்டேன். போன மனுஷன் கடைசியா ஒரு தடவை வீட்டைப் பார்க்க வந்தார்னு மனசை ஆத்திக்கிட்டிருப்பேன்.

மூணு வாரம் கழிச்சு ஒரு சரக்குக் கப்பல்காரங்க ரப்பர் மிதவை ஒண்ணைக் கண்டெடுத்தாங்க. அதுக்குள்ள நாலு பேரும் இருந்தாங்க. யாருக்கும் உயிர் இல்லை. மிதவை கிடைச்சது, முதல் ரெண்டு நாள் படகுங்க தேடின இடத்துக்குப் பக்கத்துல. அங்கே நீரோட்டம் குளத்துத் தண்ணி மாதிரி நின்ன இடத்துலேயே சுத்துமாம். "இன்னும் ஒரே ஒரு நாள் அங்கேயே தேடியிருந்தா..."ன்னு ஆரம்பிச்சார் மேலதிகாரி. என் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திட்டார். நான் அந்தத் தரைப் புள்ளியைச் சொல்லியிருந்தா, படகுங்க முதல்ல தேடின இடத்துக்கே திரும்பிப் போயிருக்கும். தேடுறதை நிறுத்திடக் கூடாதுன்னுதான் வாயை மூடிக்கிட்டிருந்தேன்!

பதினேழாம் பெட்டியும் மிதவையில இருந்துச்சு. மூடியைத் திறந்து சுவிட்சைப் போட்டிருந்தாங்க, பாவம். ஆனா படகு முழுகுறப்பவே உள்ள உப்புத் தண்ணி ஏறி, எல்லாம் கருகிப் போச்சு. எங்க பட்டறைக்காரர் பிரிச்சுக் காட்டினார். "இது ஒரு தடவைகூட பேசியிருக்காதுப்பா"ன்னு சொன்னார்.

அதைக்கூடத் தாங்கிக்கிட்டேன்.

அண்ணன் கைக்குப் பக்கத்துல ஒரு தகர டப்பா இருந்துச்சு. அதுல பாதி தண்ணி. டாக்டர் சோதிச்சுப் பார்த்தார். உப்பு இல்லை. மழைத் தண்ணி. கணக்கு என்னை நடைபாதையில நிறுத்தி, தங்கச்சி எடுத்த மேகப் படங்களை விரிச்சான். அந்தக் கடல் மேல நாளுக்கு ஒண்ணு. படகு முழுகினதுக்கு அப்புறம் அங்கே மேகமே இல்லை. வெறும் கருப்பு. பத்தாவது நாள் படத்துலதான் முதல் மேகம்.

பத்தாவது நாள் மழை பெய்யுறப்போ அந்த டப்பாவைப் பிடிக்க ஒரு ஆள் உயிரோட இருந்திருக்கார்.

எங்க வாசல்ல அந்த உருவம் நின்னது மூணாம் நாள்லேர்ந்து அஞ்சாம் நாள் ராத்திரி வரைக்கும். அப்போ என் அண்ணன் சாகலை. நடுக்கடல்ல, படகு வரும் வரும்னு உயிரைக் கையில பிடிச்சுக்கிட்டுக் கிடந்திருக்கார்.

செத்தவன் ஆவின்னா, வீட்டைப் பார்க்க வந்துச்சுன்னு சொல்லிக்கலாம். சாகாத மனுஷனோட உருவத்துல வந்து, அவரோட நம்பரைச் சொல்லி, அவரைத் தேடிப் போன படகுங்களை வேற பக்கம் திருப்பி விட்டது யாரு? எது?

சாயந்திரம் வீட்டுக்குப் போனேன். அண்ணி வாசல்லேயே நின்னுக்கிட்டிருந்தாங்க. "டாக்டர் என்ன சொன்னாரு தம்பி? எப்போ போனாராம்?"

நான் செருப்பைக் கழட்டுற மாதிரி குனிஞ்சுக்கிட்டேன்.

"முதல் நாளே அண்ணி. கஷ்டப்படலையாம்."

முந்தானையால கண்ணைத் துடைச்சுக்கிட்டு, லேசா சிரிச்சாங்க.

"தெரியும் தம்பி. அதான் அங்கேர்ந்து நேரா வீட்டுக்கு வந்துட்டாரு. வேற எங்கே போவாரு?"

அன்னைக்கு ராத்திரிதான் அண்ணி அசந்து தூங்கினாங்க. வாசல் கதவைத் திறந்தே வெச்சுட்டு.